மறைத்துக் காப்பாற்றப்பட்ட சிறுவன் ஜோர்ஜ் பெரெக்

நாஸி ஜேர்மனியின் யூத இன ஒழிப்புப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது வாசகர்களில் அநேகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆன் பிராங்க் என்ற சிறுமியின் பெயராகவே இருக்கும். அம்ஸ்டர்டாம் நகரில் ஈராண்டுகளுக்கு மேலாக ஒளிந்திருந்து, ஈற்றில் பிடிபட்டு, 1945 ஆம் ஆண்டின் முற்பகுதியில் பேர்கன் பெல்சன் முகாமில் மாண்டுபோன அச்சிறுமியின் நாட்குறிப்பு உலகறிந்ததாகும். ஆனால், ஒளித்து வைக்கப்பட்டு உயிர் தப்பிய பிள்ளைகளும் ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். உயிர் தப்பியதுடன் அவர்களது கதை முடிந்து விட்டதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெரெக்கின் வாழ்வை அறிந்து கொள்வது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

யூதர் என்ற சொல்லைக் கேட்டதும் மத்திய கிழக்கின் அரசியலும் பலஸ்தீன மக்களின் துயரமும் எமது வாசகர்கள் பலரது மனதில் முந்திக்கொண்டு எழுவது இயல்பானதே. அதனை நாம் குறையாகக் கொள்ளவில்லை. எனினும் நாம் இங்கு கூற முற்படுவது, இஸ்ரேல் என்ற அரசு தோன்றுவதற்கு முற்பட்ட காலத்தில், எந்த அரசியலையும் அறியாத ஐந்து வயதுப் பிள்ளையொன்றுக்கும் அதன் தாய்க்கும் நேர்ந்த கதியையே ஆகும்.

பெரெக்கின் பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். தந்தை இட்செக் யுட்கோ. தாய் சிர்லா, 1913 இல் வார்சோ நகரில் பிறந்தவர். 1920 களில் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்த பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களைப் போலவே இவர்களது குடும்பங்களும் பாரிஸின் வடகிழக்கே உள்ள பெல்வில் பகுதியைத் தஞ்சமடைந்தன. எம்மவர்கள் இன்று கடைகள் நடத்தி வரும் லா சப்பல் பகுதியிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சில தரிப்பிடங்களில் பெல்விலை அடைந்து விடலாம். அன்று அது தொழிலாளர்களும் தையற்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே விலான் வீதியின் 24 ஆம் இலக்க வீட்டில் சிர்லா பெண்களுக்கான சிறிய சிகை அலங்கரிப்பு நிலையமொன்றை நடத்தினார். 1936 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆம் திகதி ஜோர்ஜ் பிறந்தார். பின்னர் பிறந்த தங்கையொன்று சிறிது காலத்திலேயே இறந்து போனாள்.

பிரான்ஸ் மண்ணில் பிறந்த மகனை அதே ஆண்டிலேயே பிரெஞ்சுப் பிரஜையாகப் பதிவு செய்தார் தந்தை. பெற்றோரோ அந்நியப் பிரஜைகளாகவே இருந்தனர். பிற்காலத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு கொடூரமான பொருளைப் பெற்றது என்பதை வாசகர்கள் காண்பார்கள். இன்னொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். பெரெட்ஸ் என்ற யூதக் குடும்பப் பெயர் போலந்து எழுத்து முறையில் எழுதப்பட்டு, பிரெஞ்சுக்காரர் வாயில் பெரெக் ஆகிவிட்டது. அது பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள பிரித்தானி மாகாணத்தவரின் பெயரைப் போல ஒலித்தது. ஒளிந்து வாழ வேண்டிய பிள்ளைக்கு அப்பெயர் ஒரு முகமூடியாயிற்று.

1939 இல் யுத்தம் மூண்டதும் இட்செக் பிரெஞ்சு இராணுவத்தில் தொண்டராகச் சேர்ந்தார். வெளிநாட்டவர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட படைப்பிரிவொன்றில் அவர் போரிட்டார். 1940 ஜூன் 16 ஆம் திகதி, போர் நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு ஆறு நாட்களே எஞ்சியிருந்த நிலையில், எறிகணைக் காயத்தினால் அவர் உயிரிழந்தார். சேன் நதிக்கரையிலுள்ள நோஜோன் என்ற ஊரில் அவரது உடல் புதைக்கப்பட்டது. தன்னைப் பிரஜையாக ஏற்காத நாட்டுக்காக அவர் உயிரைக் கொடுத்தார் என்று கூறுவது மிகையாகாது.

தோல்வியடைந்த பிரான்ஸ் இரண்டாகப் பிளவுபட்டது. பாரிஸ் உள்ளிட்ட வடபகுதியை ஜேர்மனியர் நேரடியாக ஆண்டனர். தெற்கில் மார்ஷல் பெத்தான் தலைமையிலான விஷி அரசு நிலைகொண்டது. அந்த அரசு ஜேர்மனியரின் நிர்ப்பந்தத்திற்குக் காத்திராமலேயே 1940 ஒக்டோபர் 3 ஆம் திகதி யூதர்களுக்கு எதிரான முதலாவது சட்டத்தைக் கொண்டு வந்தது. உத்தியோகங்கள் பறிக்கப்பட்டன. யூதர்களின் கடைகளும் தொழில்களும் ஒவ்வொன்றாகக் கைமாறின. சிர்லாவின் சிகை அலங்கரிப்பு நிலையமும் மூடப்பட்டது. அவர் கடிகாரத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சென்றார்.

1941 இல், பாரிஸின் லியோன் புகையிரத நிலையத்தில், சிர்லா தன் மகனைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் புகையிரதமொன்றில் ஏற்றி விட்டார். யுத்தத்தில் உயிரிழந்த வீரனின் பிள்ளை என்ற தகுதியே அவனுக்கு அந்த இடத்தைப் பெற்றுக் கொடுத்தது. தந்தையின் மரணம் மகனது உயிரைக் காத்தது என்று கொள்ளலாம். புகையிரதம் தெற்கே கிரெனோபிள் நகரை நோக்கிப் புறப்பட்டது. புறப்படும் முன் தாய் ஒரு படக்கதைப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்ததாகவும், அதன் அட்டையில் சார்லி சாப்ளின் பரசூட்டில் இறங்கும் படம் இருந்ததாகவும் பெரெக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதன் பின்னர் அவர் தாயைக் காணவில்லை.

அந்தப் பிரியாவிடையைப் பற்றி அவரது மனதில் வேறொரு நினைவும் பதிந்திருந்தது. தனது கை கட்டுப் போடப்பட்டுக் கழுத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது என்பதே அது. காயப்பட்டவர்களையே செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றிச் செல்லும் ஆதலால் காயப்பட்ட பிள்ளை போலத் தன்னை நடிக்க வைத்தார்கள் என்று அவர் நெடுங்காலம் நம்பினார். ஆனால் அத்தையிடம் விசாரித்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிய வந்தது. இதே போன்ற இன்னொரு நினைவும் பொய்த்துப் போனது. மலைப் பாடசாலையில் இருந்தபோது தான் விழுந்து தோள் எலும்பு முறிந்து, உடலெங்கும் கட்டுப் போடப்பட்டிருந்ததாக அவர் எண்ணியிருந்தார். பல்லாண்டுகளின் பின் அக்காலத்துத் தோழரொருவர் மூலம், விழுந்தது வேறொரு சிறுவன் என்றும் பெரெக் அதைப் பார்த்துக் கொண்டிருந்தவர் மாத்திரமே என்றும் அறிந்தார். இல்லாத காயத்தை ஒரு பிள்ளை ஏன் இருமுறை தன் மீது சுமத்திக் கொண்டது? பார்த்தவர்கள் பரிதாபப்படக் கூடிய, பெயர் சொல்லக் கூடிய, ஆறக் கூடிய ஒரு காயம் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்பதே எமது எண்ணம்.

தந்தையின் சகோதரியான எஸ்தர் அத்தையும் அவரது கணவர் டேவிட் பியனென்பெல்டும் கிரெனோபிளுக்கு மேலே, வேர்கோர் மலைப் பீடபூமியிலுள்ள விலார் டி லான்ஸ் என்ற ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தனர். சிறுவன் அங்கே அனுப்பப்பட்டான். ஆயினும் அத்தையின் வீட்டில் எப்போதும் தங்க முடியவில்லை. சிறுவர் இல்லங்களிலும், துரேன் கல்லூரி என்ற கத்தோலிக்க விடுதிப் பாடசாலையிலும் அவன் வைக்கப்பட்டான். 1943 கோடை காலத்தில், ஏழு வயதில், அவனுக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. செபங்களை மனனம் செய்து, பக்தியுள்ள கத்தோலிக்கச் சிறுவனாகவே அவன் வளர்ந்தான்.

ஒரு பிள்ளையின் மார்க்கத்தை இவ்வாறு மாற்றியது முறையா என்ற கேள்வி எமது வாசகர்கள் சிலருக்கு எழலாம். நியாயமான கேள்விதான். யுத்தத்தின் பின்னர் பிரான்ஸிலேயே இது குறித்துக் கசப்பான வழக்குகள் நடந்தன. ஆனால் அன்றைய நிலையில் ஞானஸ்நானச் சான்றிதழ் என்பது ஓர் உயிர்க் கவசமாகும். பெரெக் அந்தப் பாடசாலையினரைப் பழித்து எழுதியவரல்லர்.

தந்தைவழிப் பாட்டியும் அம்மலையிலே இருந்தார். சிறுவர் இல்லமொன்றில் அவருக்குச் சமையற்காரியாக வேலை கிடைத்தது. அவருக்குப் பிரெஞ்சு மொழி ஏறக்குறையத் தெரியாது. வாயைத் திறந்தால் உச்சரிப்பே காட்டிக் கொடுத்துவிடும். எனவே அவர் ஊமை என்று சொல்லி வைக்கப்பட்டது. பேசத் தெரிந்த மூதாட்டி பேரப்பிள்ளையின் கண்முன்னே ஊமையாக நடமாடினார். மறைந்து வாழ்தல் என்பது என்னவென்று விளக்க இதை விடச் சிறந்த காட்சி எமக்குத் தெரியவில்லை.

அப்பகுதியை 1942 நவம்பர் முதல் இத்தாலியப் படையினர் ஆக்கிரமித்திருந்தனர். ஹிட்லரின் நட்பு நாடாக இருந்தும் இத்தாலிய அதிகாரிகள் தமது பகுதியிலிருந்து யூதர்களை நாடுகடத்த இடமளிக்கவில்லை. 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைந்த பின் ஜேர்மனியர் வந்தனர்; வேட்டை தொடங்கியது. 1944 ஜூலையில் வேர்கோர் எதிர்ப்பு இயக்கத்தினர் மீது ஜேர்மனியர் பெருந்தாக்குதல் நடத்தி ஊர்களை எரித்தனர். அந்தச் சூழலிலும் ஊரவர்களும் பாடசாலையினரும் சிறுவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிரான்ஸில் வாழ்ந்த யூதர்களில் ஏறக்குறைய முக்காற் பங்கினர் உயிர் பிழைத்தமைக்குப் பெயர் தெரியாத இத்தகைய மனிதர்களும் ஒரு காரணமாவர்.

இனி, பாரிஸிலே தங்கிவிட்ட தாயிடம் திரும்புவோம்.

1942 ஜூன் மாதத்திலிருந்து பாரிஸில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக் கொள்ள வேண்டியதாயிற்று. ஜூலை 16, 17 ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிஸார் நகரெங்கும் சுற்றிவளைப்பு நடத்தி 13,000 க்கும் அதிகமானோரைப் பிடித்தனர். அவர்களில் 4,000 க்கும் அதிகமானோர் சிறுவர்கள். கைது செய்தவர்கள் ஜேர்மனியச் சிப்பாய்கள் அல்லர், பாரிஸ் வீதிகளில் அன்றாடம் காவற் கடமை புரிந்த பொலிஸார் என்பதை அழுத்திக் கூற விரும்புகிறோம். சிர்லாவும் தெற்கே தப்பிச் செல்ல முயன்றார் என்று பின்னர் உறவினர்கள் மகனுக்குக் கூறினர். லுவார் நதியைக் கடக்க உதவ வேண்டிய வழிகாட்டி குறித்த இடத்தில் இருக்கவில்லை. அவர் பாரிஸுக்கே திரும்பினார். வீட்டை மாற்றுமாறும் ஒளிந்து கொள்ளுமாறும் பலர் சொல்லியும் அவர் அதனைச் செய்யவில்லை. தான் ஒரு போர் வீரனின் விதவை, பிரான்ஸுக்காக உயிர் நீத்தவனின் மனைவி, ஆகவே தன்னைத் தொட மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. அரசுக்குத் தன் கணவனையே கொடுத்த ஒரு பெண், அந்த அரசு தனக்கு ஒரு சிறு கடனையேனும் பட்டிருக்கிறது என்று எண்ணியதில் என்ன தவறு?

1943 ஜனவரியில் ஒரு சுற்றிவளைப்பில் சிர்லா தன் சகோதரியுடன் பிடிபட்டார். பாரிஸின் புறநகரான திரான்சியில் அமைந்திருந்த தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். பெப்ரவரி 11 ஆம் திகதி, சுமார் 1,000 பேரை ஏற்றிக் கொண்டு போலந்திலுள்ள அவுஷ்விட்ஸ் முகாமை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தில் அவரும் ஏற்றப்பட்டார். பிறந்த நாட்டுக்கே அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட நிறைந்திருக்கவில்லை. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பிரான்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். அவர்களில் 11,000 க்கும் அதிகமானோர் சிறுவர்கள். திரும்பி வந்தவர்கள் சில ஆயிரம் பேரே.

யுத்தம் முடிந்து 1945 இல் பாரிஸுக்குத் திரும்பிய ஜோர்ஜை அத்தையும் மாமாவும் தத்தெடுத்துக் கொண்டனர். மாமா முத்து வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தவர். வசதி படைத்த 16 ஆம் வட்டாரத்தில் வீடு. அன்புக்குக் குறைவிருக்கவில்லை என்றே தெரிகிறது. ஆனால் தாயைப் பற்றி யாரும் நேராகப் பேசவில்லை. அத்தை ஒரு நாள் முகாம்கள் பற்றிய கண்காட்சிக்கு அவனை அழைத்துச் சென்றார். சுவர்களில் நகங்கள் கீறிய தடங்களைக் காட்டும் புகைப்படமும், பாண் துணுக்குகளை உருட்டிச் செய்த சதுரங்கக் காய்களும் அங்கே இருந்தன. அவ்விரண்டும் அவரது நினைவில் கடைசி வரை நின்றன. பதின்மூன்றாம் வயதில் பெற்றோர் பற்றிப் பேச முடியாத அப்பிள்ளையைப் பிரபல சிறுவர் உளநல மருத்துவர் பிரான்சுவாஸ் தோல்தோவிடம் அழைத்துச் சென்றனர். அக்காலத்தில் அவன் ஒரு கற்பனைத் தீவைப் பற்றிக் கதையெழுதினான். அங்கு விளையாட்டுப் போட்டிகளே சட்டம்.

இதற்கிடையில் அரசாங்கத்தின் பத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பெரெக்கின் வாழ்வில் எம்மை மிகவும் பாதித்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே கூறுகிறோம். 1947 இல் சிர்லா காணாமற்போனவர் என உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்கப்பட்டது. காணாமற்போனவர் என்ற சொல்லின் பாரத்தை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1958 ஒக்டோபரில் வெளியான கட்டளையொன்று அவர் இறந்துவிட்டதாகப் பிரகடனப்படுத்தியது. இறந்த திகதி 1943 பெப்ரவரி 11; இறந்த இடம் திரான்சி. புகையிரதம் புறப்பட்ட நாளும் புறப்பட்ட இடமும் மரணத்தின் நாளும் இடமுமாக ஆக்கப்பட்டன. சட்டத்தின் கண்ணில் அவர் அவுஷ்விட்ஸுக்குப் போகவே இல்லை. பாரிஸின் புறநகரொன்றில் காலமானார். 1959 நவம்பரில் மற்றுமொரு கட்டளை வந்தது. அவர் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்திருப்பின் பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர் என்ற கௌரவத்திற்கு உரித்துடையவராக இருந்திருப்பார் என அது தெரிவித்தது. கொன்றவர்கள் அவரது பிரஜாவுரிமையைக் கேட்டுத் தயங்கவில்லை. இறந்த பின் கௌரவம் வழங்குவதற்கே அது தடையாயிற்று.

அவ்விரு பத்திரங்களும் வெளியான காலத்தில் மகன் பிரெஞ்சு இராணுவச் சீருடையில் இருந்தார். 1958, 1959 ஆம் ஆண்டுகளில் அவர் பரசூட் படைப்பிரிவில் கட்டாய சேவை புரிந்தார். அல்ஜீரிய மக்களின் விடுதலைப் போர் உச்சத்திலிருந்த நேரம் அது. யுத்தத்தில் தந்தையை இழந்தவர் என்ற காரணத்தால் அவர் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்படவில்லை. ஒரு நண்பனை அல்ஜீரியப் போருக்கு அனுப்பாமல் தடுக்க நண்பர்கள் படும் பாட்டை நகைச்சுவையாகச் சித்திரிக்கும் சிறு நூலொன்றை அவர் 1966 இல் வெளியிட்டார். 1960 இல் மனைவி போலெட்டுடன் துனீசியாவின் ஸ்பாக்ஸ் நகருக்குச் சென்று ஒரு கல்வியாண்டைக் கழித்தார். மனைவி ஆசிரியை, இவருக்கு வேலை கிடைக்கவில்லை. மறக்கக் கூடாத ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்கிறோம். போர்தோ பகுதியிலிருந்து யூதர்களை நாடுகடத்துவதில் பங்கெடுத்த மோரிஸ் பப்போன் என்ற அதிகாரி, 1961 ஒக்டோபரில் அல்ஜீரிய முஸ்லிம்களின் அமைதி ஊர்வலம் பாரிஸில் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட வேளை அந்நகரின் பொலிஸ் தலைவராக இருந்தார். யூதர்களுக்கு இழைத்த குற்றத்திற்காக அவர் தண்டிக்கப்பட்டது 1998 இல்தான்.

பெரெக்கின் தொழில் வாழ்வை விரைவாகவே கடந்து விடலாம். 1961 முதல் 1978 வரை நரம்பியல் ஆய்வுகூடமொன்றில் ஆவணக் காப்பாளராகச் சிறு சம்பளத்தில் வேலை பார்த்தார். 1965 இல் வெளியான பொருட்கள் என்ற முதலாவது நாவலுக்கு ரெனோதோ பரிசு கிடைத்தது. 1967 இல் ஊலிப்போ என்ற குழுவில் சேர்ந்தார். எழுத்தாளர்களும் கணித அறிஞர்களும் கூடி, கடுமையான விதிகளைத் தமக்குத் தாமே விதித்துக் கொண்டு எழுதிப் பார்க்கும் குழு அது. எமது சித்திரக்கவி மரபை அறிந்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதுமையாக இராது.

1969 இல் அவர் வெளியிட்ட நாவல் உலகையே வியக்க வைத்தது. சுமார் 300 பக்கங்கள் கொண்ட அந்நாவலில், ரோமன் அரிச்சுவடியின் ஐந்தாவது எழுத்து ஓரிடத்தில் கூட வரவில்லை. பிரெஞ்சு மொழியில் ஆகக் கூடுதலாகப் பயன்படும் எழுத்து அதுவேயாகும். நூலில் ஐந்தாம் அத்தியாயமும் இல்லை. நான்காவதிலிருந்து ஆறாவதற்குத் தாவுகிறது. கதையிலும் ஒருவர் காணாமற் போகிறார். இல்லாதது எது என்பதைக் கண்டுபிடிக்க நெருங்குவோர் ஒவ்வொருவராக மடிகின்றனர். விமர்சகர் ஒருவர் எழுத்து இல்லாததைக் கவனியாமலேயே நூலுக்கு மதிப்புரை எழுதிவிட்டார் என்று சொல்லப்படுவதுண்டு.

இதனை வெறும் சாகசம் என்றே பலர் கருதினர். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அந்த எழுத்தை விலக்கினால் தந்தை என்பதற்கான பேர் என்ற பிரெஞ்சுச் சொல்லை எழுத முடியாது. தாய் என்பதற்கான மேர் என்ற சொல்லையும் எழுத முடியாது. பெற்றோர், குடும்பம் என்பவற்றுக்கான சொற்களும் இல்லாமற் போகின்றன. ஜோர்ஜ் பெரெக் என்ற பெயரில் அது நான்கு முறை வருகிறது. தமிழிலே அகரத்தை விலக்கி எழுத முயல்பவருக்கு அம்மா, அப்பா என்ற இரு சொற்களும் ஒரே நேரத்தில் பறிபோவதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் புலப்படும். நூலின் தலைப்பிலுள்ள சொல்லோ, தாயைப் பற்றி 1947 இல் அரசு கொடுத்த சான்றிதழின் தலைப்பிலுள்ள அதே சொல். காணாமற் போதல் என்பதே அதன் பொருள். பாட்டி மலையில் ஊமையாக நடித்தது போல, பேரன் 300 பக்கங்களுக்கு அச்சொற்களை உச்சரிக்காமலே பேசியிருக்கிறார்.

ஆறு ஆண்டுகளின் பின், 1975 இல், அவர் தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். சிறுவயதில் புனைந்த விளையாட்டுத் தீவின் கதையும் சிதறிய நினைவுகளும் அதில் மாறி மாறி வருகின்றன. தீவின் போட்டிகள் மெல்ல மெல்லக் கொடூரமடைந்து, அது ஒரு வதை முகாம் என்பது வாசகனுக்குப் புரியத் தொடங்குகிறது. தீவை அவர் தென்னமெரிக்காவின் தென்கோடியில் வைத்திருந்தார். அவர் எழுதி முடித்த காலத்தில் சிலியின் சர்வாதிகாரி பினோஷே உண்மையாகவே அப்பகுதித் தீவுகளைக் கைதிகளின் முகாம்களாக்கியிருந்தார். இதனைப் பெரெக் நூலின் முடிவில் பதிவு செய்துள்ளார். நூலின் சமர்ப்பணத்தில் அந்த ஐந்தாவது எழுத்து மாத்திரமே உள்ளது. பிரெஞ்சு மொழியில் அந்த எழுத்தின் பெயரும் அவர்கள் என்ற பொருள் தரும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும்.

அவரது மிகப் பெரிய படைப்பு எனப் போற்றப்படும் வாழ்க்கை: பயன்படுத்தும் முறை என்ற நாவல் 1978 இல் மெதிசிஸ் பரிசைப் பெற்றது. பாரிஸின் மாடிக் கட்டடமொன்றின் ஒவ்வோர் அறையையும் அது விவரிக்கிறது. நூறாக இருக்க வேண்டிய அத்தியாயங்கள் தொண்ணூற்றொன்பதே உள்ளன. அங்கும் ஓர் அறை காணாமற் போயிருக்கிறது.

1969 முதல் 1975 வரை அவர் ஆண்டு தோறும் விலான் வீதிக்குச் சென்று கண்டதையெல்லாம் குறித்துக் கொண்டார். எந்தக் கடை மூடப்பட்டிருக்கிறது, எந்த வீட்டு யன்னல் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது என்று உணர்ச்சி சிறிதும் காட்டாத கணக்காளரின் குறிப்புகள் அவை. 24 ஆம் இலக்கச் சுவரில் பெண்களுக்கான சிகை அலங்கரிப்பு என்ற எழுத்துகள் மங்கிய நிலையில் அப்போதும் தெரிந்தன. வீதி ஆண்டுக்கு ஆண்டு இடிபட்டுக் கொண்டு வந்தது. 1988 இல் அப்பகுதியில் பெல்வில் பூங்கா திறக்கப்பட்டது.

பெரெக் அதுவரை வாழவில்லை. நுரையீரற் புற்றுநோயினால் பீடிக்கப்பட்டு 1982 மார்ச் 3 ஆம் திகதி, நாற்பத்தாறாவது பிறந்த தினத்திற்கு நான்கு நாட்களின் முன்னர் அவர் காலமானார். அவரது சாம்பல் பெல்விலுக்கு அண்மையிலுள்ள பேர் லஷேஸ் மயானத்தில் வைக்கப்பட்டுள்ளது. நாடுகடத்தப்பட்டோரின் இறப்புப் பதிவுகளைத் திருத்துவதற்கு வழிசெய்யும் சட்டம் பிரான்ஸில் 1985 இல் நிறைவேறியது. நாடுகடத்தலில் பிரெஞ்சு அரசுக்கு இருந்த பொறுப்பை ஜனாதிபதி ஜாக் சிராக் 1995 ஜூலையில் பகிரங்கமாக ஏற்றுக் கொண்டார். நாடுகடத்தப்பட்ட சுமார் 76,000 பேரின் பெயர்களைத் தாங்கிய கற்சுவர் பாரிஸில் 2005 இல் திறந்து வைக்கப்பட்டது. நாடுகடத்தப்பட்ட ஆண்டுகளின் வரிசையில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1943 ஆம் ஆண்டுக்குரிய பகுதியும் நீண்டது.